டெண்டர் மதிப்பீடும் நமது லெட்டர்பேடும்



சென்ற மாதக் கூட்டம் முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் நமது இளம் உறுப்பினர் ஒருவர் கொதித்துப் பேசினார். ஓர் அலுவலகத்தில் பாமாயிலுக்கு டெண்டர் விட்டிருக்கிறார்கள். அவர்கள் போட்ட மதிப்பீட்டு விலை, கம்பெனியில் நாம் வாங்குகிற விலையைவிடக் குறைவு. ஒருவர்கூட டெண்டர் போடவில்லை. அதே அலுவலகம் துவரம்பருப்புக்குப் போட்ட மதிப்பீடோ, நமது பஜாரில் சில்லறையில் விற்கும் விலைக்கும் மேலே. அதற்கு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து விழுந்திருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேருக்குக் கடையும் இல்லை, குடோனும் இல்லை. "மதிப்பீடு போடுகிறவருக்குப் பருப்பு விலையும் தெரியவில்லை, எண்ணெய் விலையும் தெரியவில்லை, அண்ணாச்சி. இப்படி இருந்தால் உண்மையான வியாபாரி எப்படி டெண்டர் போடுவது?" என்று கேட்டார். அங்கிருந்த எல்லோரும் ஆமாம் என்றோம். நானும்தான் சொன்னேன்.

ஆனால் வீட்டுக்கு வந்து படுத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. மதிப்பீடு போடுகிற அதிகாரிக்கு விலை தெரியாது என்பது சரிதான். அவர் பருப்பு வியாபாரி அல்ல. அப்படியானால் அந்த விலையை அவர் எங்கே போய் வாங்கினார்? நம்மிடம்தான் வாங்கினார். நமது லெட்டர்பேடில், நமது ரப்பர் ஸ்டாம்பு போட்டு, நாமே கொடுத்ததுதான் அந்த விலை. இதைப் பற்றி நமது இதழில் ஒருவரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. ஆகவே இதை எழுதுகிறேன்.

டெண்டரில் பழக்கம் இல்லாத சிறு வணிகர்களுக்காக ஒரு விளக்கம். அரசு அலுவலகமோ, வாரியமோ, விடுதியோ, ஆஸ்பத்திரியோ ஒரு பொருளை மொத்தமாக வாங்க வேண்டுமென்றால், இது எவ்வளவு ரூபாய்க்கு வரும் என்று முதலில் ஒரு தொகை போடுகிறார்கள். அதுதான் மதிப்பீடு. எல்லாம் அந்த ஒரு தொகையில் இருந்துதான் ஆரம்பமாகிறது. நமது மாநிலத்தில் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் வந்தது. அதன் விதிகள் 2000-இல் வந்தன. அந்த விதிகளின்படி 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்கு மேற்பட்டால் 30 நாள். அந்த 2 கோடி என்பது மதிப்பீட்டுக் கணக்கு. நாம் கட்டுகிற முன்வைப்புத்தொகையும் மதிப்பீட்டில் இத்தனை சதவீதம் என்ற கணக்குதான். கடைசியில் விலைப்புள்ளிகளைத் திறந்து பார்க்கும்போது, மிகக் குறைந்த விலை போட்டவரின் விலைகூட அதிகம்தானா இல்லையா என்று எதை வைத்துப் பார்க்கிறார்கள்? அதற்கும் அந்த மதிப்பீடுதான் அளவுகோல். சந்தை நிலவர விலையைவிட அதிகமாகத் தெரிந்தால் அந்த ஒருவரிடம் மட்டும் பேசி விலையைக் குறைக்கச் சொல்ல மேற்படி சட்டம் இடம் தருகிறது. சந்தை நிலவர விலை என்று சட்டத்தில் நல்ல சொல்லாகத்தான் போட்டிருக்கிறார்கள். எந்தச் சந்தை, எந்தத் தேதி, எந்த ரகம் என்பதெல்லாம் நடைமுறையில் ஃபைல் எழுதுகிறவர் கையில் இருக்கிறது.

அந்த ஃபைலுக்கு விலை மூன்று வழியில் வருகிறது.

முதலாவது, போன தடவை வாங்கிய விலை. ஆடிட்டுக்கு இதுதான் பத்திரம் என்று அதிகாரிகள் நினைக்கிறார்கள். போன வருடம் இந்த விலைக்கு வாங்கினோம், இந்த வருடம் ஐந்து சதவீதமோ பத்து சதவீதமோ கூட்டிப் போட்டிருக்கிறோம் என்று எழுதிவிட்டால் ஒருவரும் கேள்வி கேட்க மாட்டார்கள். மேஜை நாற்காலிக்கு இது சரியாக இருக்கலாம். பருப்புக்கும் எண்ணெய்க்கும் இது எவ்வளவு பெரிய தப்பு என்று நமக்குத் தெரியும். 2015 அக்டோபரில் துவரம்பருப்பு சில்லறையில் கிலோ 200 ரூபாயைத் தாண்டியதை ஒருவரும் மறந்திருக்க மாட்டார்கள். அடுத்த பருவத்தில் விளைச்சல் கொட்டியது. 2017 ஆரம்பத்தில் துவரை, மத்திய அரசு அறிவித்திருந்த குறைந்தபட்ச ஆதரவு விலையான குவிண்டாலுக்கு 5,050 ரூபாய்க்கும் கீழே விற்றது. 2015 விலையை அடிப்படையாக வைத்து 2017-இல் மதிப்பீடு போட்டவர் அரசுப் பணத்தை அள்ளிக் கொடுத்தவர் ஆவார். 2014 விலையை வைத்து 2015-இல் போட்டவருக்குச் சரக்கே வந்திருக்காது. 2023-இலும் அப்படித்தான். வருட ஆரம்பத்தில் நாடு முழுவதற்குமான சராசரிச் சில்லறை விலை கிலோ 110 ரூபாய் அளவில் இருந்தது. வருடக் கடைசியில் 150-க்கு வந்துவிட்டது. இதில் ஐந்து சதவீதம் கூட்டி என்ன பிரயோஜனம்?

பாமாயில் கதை இன்னும் மோசம். 2024 செப்டம்பர் 14 முதல் கச்சா சமையல் எண்ணெய்க்கு இறக்குமதி அடிப்படை வரி 20 சதவீதமும், சுத்திகரித்த எண்ணெய்க்கு 32.5 சதவீதமும் என்று மத்திய அரசு ஏற்றியது. அதற்கு முதல் நாள் வரை கச்சா எண்ணெய்க்கு அடிப்படை வரியே கிடையாது. ஆகஸ்டில் மதிப்பீடு தயார் செய்து செப்டம்பர் கடைசியில் டெண்டர் திறந்த அலுவலகத்தை எண்ணிப் பாருங்கள். பிறகு 2025 மே கடைசியில் கச்சா எண்ணெய் வரியை 10 சதவீதமாகக் குறைத்தார்கள். அப்போது ஏற்கெனவே போட்டிருந்த மதிப்பீடு எதிர்ப்பக்கமாகத் தப்பாகிவிட்டது. இதில் அதிகாரி மீது குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. மதிப்பீடு போட்ட தேதிக்கும் டெண்டர் திறக்கும் தேதிக்கும் நடுவில் ஒருமுறை விலையைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்ற பழக்கம் இல்லாததுதான் குற்றம்.

இரண்டாவது வழி, அரசாங்கமே சேகரிக்கும் விலை. மத்திய நுகர்வோர் துறை தினந்தோறும் நாடு முழுவதும் சில்லறை விலையையும் மொத்த விலையையும் எடுத்து வெளியிடுகிறது. முன்பு 22 பொருள். 2024 ஆகஸ்டு முதல் 38 பொருள். ஒழுங்குமுறை விற்பனைக்கூட விலைகளும் தினம் வெளியாகின்றன. விருதுநகர் மார்க்கெட் நிலவரம் நமது நாளிதழ்களில் எத்தனையோ வருடமாக வந்துகொண்டிருக்கிறது. செலவில்லாமல் கிடைக்கிற இந்த விலைகளைத் தேதியோடு வெட்டி ஃபைலில் ஒட்டியிருப்பதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். ஒட்டினாலும் கணக்குத் தெரிந்து ஒட்ட வேண்டும். மார்க்கெட் நிலவரத்தில் எண்ணெய் 15 கிலோ டின்னுக்கு விலை போடுகிறார்கள். டெண்டர் லிட்டர் கணக்கில் இருக்கிறது. டின் விலையை 15-ஆல் வகுத்து, அதை லிட்டர் விலை என்று எழுதிவிட்ட ஒரு குறிப்பை நானே பார்த்தேன். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம்தான் நிற்கும். ஆகவே அந்த ஒரு வகுத்தலில் நூற்றுக்குப் பத்து ரூபாய் ஏறிவிட்டது. அதில் ஊழல் ஒன்றும் இல்லை. எண்ணெய்க் கடைப் பையனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

மூன்றாவது வழிதான் நமது லெட்டர்பேடு. இதைப் பற்றித்தான் நான் முக்கியமாக எழுத வந்தேன்.

அலுவலகத்திலிருந்து ஒரு பையன் வருவான். "அண்ணாச்சி, மூணு கொட்டேஷன் வேணும்னு சார் சொன்னாங்க. உங்களது ஒண்ணு. மத்த ரெண்டும் நீங்களே பக்கத்துக் கடைல வாங்கிக் குடுத்துருங்க" என்பான். நாம் கல்லாவில் கூட்டமாக இருக்கும் நேரம். ஒரு தாளைக் கிழித்து, வாய்க்கு வந்த விலையை எழுதி, ஸ்டாம்பு வைத்துக் கொடுக்கிறோம். பக்கத்துக் கடைக்காரரும் நமக்காக இரண்டு ரூபாய் கூட்டி ஒன்று எழுதித் தருகிறார். இன்னொரு கடையில் வெறும் தாளில் ஸ்டாம்பு மட்டும் வைத்து, "நீங்களே எழுதிக்கிடுங்க தம்பி" என்று கொடுத்து அனுப்புகிறார்கள். நாற்பது வருடத்துக்கு மேல் இந்த பஜாரில் இருக்கிறேன். இதைச் செய்யாத கடை ஒன்றுகூட எனக்குத் தெரியாது. எனது கடையும் செய்திருக்கிறது.

2015-ஆம் வருடம் மே மாதம் அப்படித்தான் ஒரு தாள் கொடுத்தேன். சில விடுதிகளுக்கு வருடம் முழுவதும் சப்ளை செய்வதற்கான மதிப்பீடு என்று எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றைக்கு எனது மொத்த விலை என்னவோ அதைத்தான் எழுதினேன். பொய் விலை அல்ல. ஆனால் தேதி போடவில்லை, எந்த ரகம் என்று எழுதவில்லை, மூட்டையா சில்லறையா, கடையிலா இடத்தில் கொண்டு இறக்கியா, ரொக்கமா கடனா என்று ஒன்றும் எழுதவில்லை. கிலோ இவ்வளவு என்று ஒரே வரி. டெண்டர் திறக்க ஆகஸ்டு கடைசி ஆகிவிட்டது. விலை எங்கோ போய்விட்டது. மதிப்பீடு மட்டும் எனது மே மாதத் தாளிலேயே நின்றது. விஷயம் தெரிந்தவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் மதிப்பீட்டுக்குக் கீழேயே விலை போட்டு எடுத்தார். எப்படிக் கட்டுப்படியாகும் என்று அவரைக் கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

தீபாவளி முடிந்து ஒருநாள் அந்த விடுதிகளில் ஒன்றின் வார்டன் என் கடைக்கு வந்தார். பையில் இருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்துத் தராசுத் தட்டில் கொட்டினார். உடைசலும் தூசியும் வண்டு விழுந்த பழைய பருப்பும் கலந்து கிடந்தது. "இதை வேக வைக்கவே முடியல, அண்ணாச்சி. பையங்க தட்டுல விட்டுட்டுப் போறாங்க. ஆபீஸ்ல கேட்டா, பஜார்ல பெரிய கடை விலையை வச்சுத்தான் டெண்டர் போட்டோம், அந்த விலைக்கு நல்ல பருப்பே வரணும்னு ஃபைலைக் காட்டுறாங்க. அதுல உங்க ஸ்டாம்பு இருக்கு" என்றார். அவர் சண்டை போடவில்லை. உங்கள் கடையில் அந்த விலைக்கு நல்ல பருப்பு இருந்தால் கொடுங்கள், நானே வாங்கிக்கொள்கிறேன் என்றுதான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கு ஒரு மூட்டை நல்ல பருப்பு அனுப்பி வைத்தேன். ஒரு மூட்டை எத்தனை நாளைக்கு வரும்?

அந்தத் தாளை நான் கவனமாக எழுதியிருந்தால் என்ன எழுதியிருக்க வேண்டும் என்று பிற்பாடு கணக்குப் போட்டுப் பார்த்தேன். புரிவதற்காக ஓர் உதாரணம் சொல்கிறேன். விலை உங்கள் ஊருக்குத் தக்கபடி மாறும். மில்லில் 100 கிலோ மூட்டை 11,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிலோ 110. லாரி வாடகையும் ஏற்றுக்கூலி இறக்குக்கூலியும் கிலோவுக்கு ஒன்றரை ரூபாய். எடைக் குறைவு அரை சதவீதம், 55 காசு. மாதாமாதம் பத்துப் பன்னிரண்டு இடத்துக்குச் சிறு வண்டியில் கொண்டுபோய் இறக்க இன்னொரு ஒன்றரை ரூபாய். பில் பாஸாகிப் பணம் வர மூன்று மாதம். நூற்றுக்கு மாதம் ஒன்றரை வட்டி என்றால் 110 ரூபாய்க்கு 4 ரூபாய் 95 காசு. ஐந்து சதவீத டெபாசிட் ஒரு வருடம் முடங்கிக் கிடப்பதற்கு வட்டி ஒரு ரூபாய். நமது லாபம் இரண்டு சதவீதம், 2 ரூபாய் 20 காசு. கூட்டினால் 121 ரூபாய் 70 காசு. இதையே மக்களுக்கு வழங்குவதற்கு ஒரு கிலோ பாக்கெட்டாகக் கேட்டால் பாக்கெட்டுச் செலவு இரண்டு ரூபாய் சேரும். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோவும் அதற்குக் குறைவாகவும் கட்டி லேபிள் ஒட்டிய பருப்புக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. இருக்கிறது. அதையும் சேர்த்தால் 130 ரூபாயை ஒட்டி வந்து நிற்கும். (நிறுவனங்கள் சொந்த உபயோகத்துக்கு வாங்கும், 'சில்லறை விற்பனைக்கு அல்ல' என்று அச்சிட்ட பைகளுக்கு வேறு கணக்கு உண்டு. அதை ஆடிட்டரைக் கேட்டு எழுதுவது நல்லது.)

ஆக 110-உம் உண்மையான விலை, 130-உம் உண்மையான விலை. நடுவில் இருபது ரூபாய். ஒருவரும் ஏமாற்றாமலேயே இவ்வளவு வித்தியாசம். கிலோ இவ்வளவு என்று ஒரே வரியில் எழுதிக் கொடுக்கிற தாளில் இது எதுவுமே தெரியாது. ஒரு கடைக்காரர் 110 என்று எழுதுவார். இன்னொருவர் விவரமாக 130 என்று எழுதுவார். அலுவலகத்தில் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 120 என்று போடுவார்கள். அந்த 120 எந்தப் பருப்புக்கும் விலை அல்ல.

வட்டிக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தக் கணக்கில் சரக்கு விலைக்கு அடுத்தபடி பெரிய தொகை, பணம் தாமதமாக வருவதற்கான வட்டிதான். நமது லாபத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் வட்டி தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறதே என்று சிலர் நினைக்கிறார்கள். 2021 ஜூலையில் மொத்த வணிகர்களையும் சில்லறை வணிகர்களையும் உத்யம் பதிவில் சேர்த்தது வங்கிக் கடன் முன்னுரிமைக்காக மட்டும்தான். தாமதப் பணத்துக்கு வட்டி கேட்கும் உரிமை நமக்கு வரவில்லை. ஆகவே அந்த வட்டியை விலையில்தான் ஏற்ற வேண்டியிருக்கிறது. முப்பது நாளில் பணம் தருகிற அலுவலகமானால் இதே பருப்பைக் கிலோவுக்கு மூன்று ரூபாய் குறைத்தே கொடுக்கலாம். இதை மதிப்பீடு போடுகிறவர்களுக்கு நாம் எடுத்துச் சொன்னதே இல்லை.

மதிப்பீட்டை ரகசியமாக வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ரகசியம் என்று ஒன்று கிடையாது. மத்திய அரசின் பொது நிதி விதிகளில் முன்வைப்புத்தொகை மதிப்பீட்டில் 2 முதல் 5 சதவீதம் வரை என்று இருக்கிறது. டெண்டர் அறிவிப்பில் முன்வைப்புத்தொகை 60,000 ரூபாய் என்று போட்டிருந்து, அந்த அலுவலகம் வழக்கமாக 2 சதவீதம் கேட்கிற அலுவலகம் என்றால் மதிப்பீடு 30 லட்சம். வாங்கப்போவது 20 டன் என்றால் கிலோ 150 ரூபாய். நமது குமாஸ்தாவே கால் நிமிடத்தில் போட்டுவிடுவார். தெரிந்தவர்களுக்குத் தெரியும், புதிதாக வருகிற சிறு வியாபாரிக்கு மட்டும் தெரியாது என்கிற ரகசியத்தால் யாருக்கு லாபம்? விலை எப்படி வந்தது என்ற கணக்கையும் எந்தத் தேதி நிலவரம் என்பதையும் அறிவிப்போடு சேர்த்துப் போட்டுவிட்டால், தப்பு இருந்தால் டெண்டர் திறக்கும் முன்பே நாம் எழுதிக் கேட்கலாம். மதிப்பீடு தெரிந்தால் எல்லோரும் அதை ஒட்டியே விலை போடுவார்கள் என்ற எதிர்வாதத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்பதையும் நான் மறுக்கவில்லை. இரண்டு மூன்று பேர் மட்டுமே போடுகிற டெண்டரில் அப்படி நடக்கத்தான் செய்யும். பத்துப் பேர் போடுகிற இடத்தில் நடக்காது. பருப்பும் எண்ணெயும் எல்லா ஊரிலும் பத்துப் பேர் விற்கிற சரக்குதான்.

இனி நமது பக்கத்துப் பிழைக்கு வருகிறேன். சில உறுப்பினர்களுக்குக் கோபம் வரலாம். பக்கத்துக் கடைக்காரருக்காக இரண்டு ரூபாய் கூட்டி எழுதிக் கொடுக்கும் கொட்டேஷனை நாம் ஒத்தாசை என்று நினைக்கிறோம். 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்தில் டெண்டரில் கூடிப் பேசிக்கொண்டு விலை போடுவது குற்றம். அதற்கு அபராதம் லாபத்தின் மூன்று மடங்கு அல்லது விற்றுமுதலில் பத்து சதவீதம், இதில் எது அதிகமோ அதுவரை, அதுவும் ஒவ்வொரு வருடத்துக்கும். மதிப்பீட்டுக்குக் கொடுக்கிற கொட்டேஷன் வேறு, டெண்டர் வேறு என்று வாதம் பண்ணலாம். ஆனால் மூன்று தாளும் ஒரே கையெழுத்தில் இருக்கும்போது அந்த வாதம் எவ்வளவு தூரம் நிற்கும் என்று எண்ணிப் பாருங்கள். வெறும் தாளில் ஸ்டாம்பு வைத்துக் கொடுப்பது இதைவிட ஆபத்து. அதில் நாளைக்கு என்ன விலை எழுதப்படும் என்று நமக்கே தெரியாது. வெற்றுச் செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்போமா?

இன்னொன்றும் சொல்கிறார்கள். "மதிப்பீடு கூடினால் நமக்கு நல்லதுதானே அண்ணாச்சி, குறைத்து எழுதி நாமே ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்?" என்று. எனது அனுபவத்தில் கூடுதல் மதிப்பீட்டின் லாபம் கடை வைத்திருக்கிறவனுக்கு வந்ததே இல்லை. விலை கூடுதலாகத் தெரிந்தால் வெளியூரிலிருந்து செல்வாக்கு உள்ளவர்கள் வருவார்கள். விற்றுமுதல் இத்தனை கோடி இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் கூடவே வரும். அவர்கள் எடுத்துக்கொண்டு, கடைசியில் சரக்கு வாங்க நம்மிடம்தான் வருவார்கள். அதுவும் தொண்ணூறு நாள் கடனுக்கு, நமது விலையிலிருந்து ஒரு ரூபாய் குறைத்துக் கேட்பார்கள். சப்ளை நாம் செய்வோம், லாபம் அவர்களுக்கு, வசூல் அலைச்சல் நமக்கு. மதிப்பீடு குறைந்தால் மோசமான சரக்கு போகிறது, கெட்ட பெயர் மொத்த பஜாருக்கும் வருகிறது. சரியான மதிப்பீடு ஒன்றுதான் நம்மைப் போன்றவர்கள் நிற்கக்கூடிய இடம்.

2015-க்குப் பிறகு எனது கடையில் ஒரு சிறு சீட்டு அச்சடித்து வைத்திருக்கிறேன். அலுவலகத்துக்கு விலை கேட்டு யார் வந்தாலும் அதில்தான் எழுதிக் கொடுக்கிறோம். தேதி, சரக்கின் ரகம், நாடா பர்மாவா, புதுசா பழசா, மூட்டை எத்தனை கிலோ, கடையில் எடுத்தால் என்ன விலை, இடத்தில் இறக்கினால் என்ன விலை, ரொக்கத்துக்கு என்ன, தொண்ணூறு நாள் கடனுக்கு என்ன, ஜி.எஸ்.டி. சேர்ந்ததா சேராததா, இந்த விலை எத்தனை நாள் செல்லும் என்று இடம் விட்டிருக்கிறது. நான் ஏழு நாள் என்று எழுதுகிறேன். இரண்டு பிரதி, ஒன்று நம்மிடம் இருக்கும். இதற்கு ஆகும் நேரம் ஐந்து நிமிடம். முதலில் அலுவலகப் பையன்கள் முகம் சுளித்தார்கள். "ஏழு நாள்னு எழுதுனா சார் ஒத்துக்க மாட்டாங்க அண்ணாச்சி" என்றார்கள். "பருப்பு விலை அதுக்கு மேல ஒத்துக்காது தம்பி, அதை சார்கிட்ட சொல்லு" என்று அனுப்பினேன். சில அலுவலகங்கள் என்னிடம் வருவதையே நிறுத்திவிட்டன. சில அலுவலகங்களில் நல்ல அதிகாரிகள் இருக்கிறார்கள். ஒருவர் போன் பண்ணி, ரொக்க விலைக்கும் கடன் விலைக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, தனது மேலதிகாரிக்குப் பணம் சீக்கிரம் தர ஏற்பாடு செய்யச் சொல்லிக் குறிப்பு எழுதினார். அது நடந்ததா என்பது வேறு விஷயம்.

ஒரு கடை செய்தால் போதாது. ஆகவே நமது சங்கத்தின் சார்பில் இந்தச் சீட்டை ஒரே மாதிரி அச்சடித்து எல்லா உறுப்பினர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்பது எனது யோசனை. சங்கமே விலை நிர்ணயித்து அறிவிக்க வேண்டும் என்று ஒரு நண்பர் சொன்னார். அது கூடவே கூடாது. முன்பு சொன்ன போட்டிச் சட்டம் சங்கத்தின் மீதே பாயும். விலை அவரவர் கடை விலையாக இருக்கட்டும், விவரம் மட்டும் ஒரே மாதிரி இருந்தால் போதும். கூடவே மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு மனு கொடுக்கலாம். பருப்பு, எண்ணெய், மிளகாய் வத்தல், மல்லி போன்ற விலை ஏறி இறங்கும் சரக்குகளுக்குப் போன தடவை விலையை மட்டும் வைத்து மதிப்பீடு போட வேண்டாம். வெளியாகும் மார்க்கெட் நிலவரத்தைத் தேதியோடு ஃபைலில் சேர்க்க வேண்டும். டெண்டர் திறக்கும் வாரத்தில் ஒருமுறை விலையைத் திரும்பப் பார்க்க வேண்டும். வருடம் முழுவதற்கும் ஒரே விலை கேட்பதைவிட மூன்று மாதத்துக்கு ஒருமுறை டெண்டர் விடலாம். ஒப்பந்தத்துக்கு நடுவே விலையை மாற்றித் தரும் நிபந்தனை, மத்திய அரசு விதிப்படி 18 மாதத்துக்கு மேற்பட்ட சப்ளைக்குத்தான் உண்டு. பருப்பில் 18 மாதம் என்பது இரண்டு வெள்ளாமை. அவ்வளவு நாள் ஒரே விலையில் தாங்குகிற வியாபாரி நமது பஜாரில் இல்லை.

அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். சீட்டின் மாதிரியைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். சங்க அலுவலகத்தில் பார்த்துக்கொள்ளலாம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தயங்காமல் எழுதுங்கள். முக்கியமாக எண்ணெய் வியாபாரிகள் எழுத வேண்டும். பருப்புக்கு ஏழு நாள் என்று நான் போட்டுக்கொண்டேன். எண்ணெய்க்கு மூன்று நாளே அதிகம் என்று கிழக்கு பஜாரில் ஒருவர் சொல்கிறார்.